சங்கிலியும் தாங்கியும்

மோட்டார் சைக்கிள் ஓடும்போது விழுவதில்லை, நின்றால் விழும். இரண்டே சக்கரங்களின்மேல் செல்லும் அவ்வண்டி, விரைவு உள்ளவரை தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ளும் இயல்புடையது. விரைவு அடங்கியதும் அவ்வியல்பும் அடங்கிவிடும். ஆதலின் நிற்குங்கால் அதற்கு வேறு ஒரு கால் வேண்டும். அக்காலையே தாங்கி என்றும் ஸ்டாண்டு என்றும் மக்கள் வழங்குவர். கடைத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டுச் செல்வதற்கு எத்தாங்கியும் போதும். வீட்டு முற்றத்தில் நிறுத்தி அதன் சங்கிலியைத் துடைத்து எண்ணெயிட வேண்டுமாயின், எத்தாங்கி ஏற்றது என்பதை ஆராய்ந்தே தெளிதல் வேண்டும். அவ்வாராய்ச்சியில் காசைக் காட்டிலும் கைவிரலுக்கே முதலிடம் உரியது. காரணம் பின்னர் விளங்கும்.

முதற்கண் சங்கிலியின் அமைப்பை அறிக. எஞ்சினில் பிறக்கும் ஆற்றலைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு சேர்ப்பது சங்கிலி. எஞ்சினை ஒட்டிச் சிறிய பற்சக்கரம் ஒன்றும், பின்சக்கரத்தின் பக்கத்தே பெரிய பற்சக்கரம் ஒன்றும் உள்ளன. அவ்விரண்டையும் வளைத்துச் செல்லும் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் உருளை உண்டு. உருளைக்குள் ஒரு குழல். குழலுக்குள் ஓர் ஆணி. உருளை பல்லின்மேல் உருண்டு அமர்வதால் உராய்வு குறைகிறது. இவ்வமைப்பை 1880ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனால்டு என்பவர் கண்டார். சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய அவர், நூற்பாலைப் பொறிகளுக்குச் சங்கிலி செய்து கொடுத்தவர். ஆலைப் பொறிக்கு என எழுந்த சங்கிலி மிதிவண்டிக்கு வந்தது. அங்கிருந்து மோட்டார் சைக்கிளுக்கு வந்தது. இன்று சென்னை அம்பத்தூரில் செய்யப்படும் வண்டிச் சங்கிலியும் அவர் கண்ட அமைப்பின் வழிவந்ததேயாகும்.

புழுதியும் மழைநீரும் சங்கிலிக்குப் பகை. மணல் கலந்த எண்ணெய் அரம்போல் நின்று ஆணியையும் குழலையும் அராவும். அவை தேயத் தேயச் சங்கிலி நீளும். நீண்ட சங்கிலி தொங்கும். தொங்கும் சங்கிலி பல்லை விட்டு நழுவும். விரைந்து செல்லும்போது நழுவிய சங்கிலி பின்சக்கரத்தைப் பூட்டிவிடுதலும் உண்டு. அவ்வமயம் வண்டியில் இருப்போர் நிலை யாதாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே திறந்த சங்கிலியுடைய வண்டிகளுக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு ஒரு முறையும், மழையில் நனைந்த பின்னரும், சங்கிலியைத் துடைத்து எண்ணெயிடுதல் நன்று. ஹீரோ ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் சங்கிலி தகட்டு உறைக்குள் மறைந்திருத்தலின் புழுதி அத்துணை சேர்வதில்லை.

ஒரு சங்கிலியில் நூறு அளவிலான கண்ணிகள் இருக்கும். ஓரிடத்தில் அமர்ந்து பார்ப்பவர்க்கு அவற்றுள் ஒரு பகுதியே கைக்கு எட்டும். எல்லாக் கண்ணிகளும் கைக்கு எட்ட வேண்டுமாயின் பின்சக்கரம் சுழல வேண்டும். சக்கரம் சுழல வேண்டுமாயின் அது தரையை விட்டு எழ வேண்டும். தாங்கியின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. இடரும் இங்கேதான் தொடங்குகிறது.

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். வீட்டு முற்றத்தே தம் புல்லட் வண்டியை நடுத்தாங்கியில் ஏற்றி நிறுத்திச் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தார் ஒருவர். பத்தாம் வகுப்பில் பயிலும் அவருடைய இளைய மகன் மண்ணெண்ணெய்க் கிண்ணத்துடன் அருகில் நின்றான். தந்தை ஒரு சாண் அளவு துடைப்பார், பின்பு சக்கரத்தைக் கையால் சிறிது உருட்டுவார், மீண்டும் துடைப்பார். மகனுக்குப் பொறுமை இல்லை.

“அப்பா! எஞ்சினை இயக்கி முதற் கியரில் விட்டால் சக்கரம் தானே சுழலுமே. நீங்கள் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். அரை மணி வேலை அரை நிமிடத்தில் முடிந்துவிடுமல்லவா?” என்றான்.

தந்தை உடனே மறுமொழி கூறவில்லை. அடுப்பங்கரையிலிருந்து ஒரு கரித்துண்டைக் கொண்டுவரச் சொல்லி, “தரையில் எழுதிக் கணக்குப் போடு” என்றார்.

“முன் பற்சக்கரத்துக்குப் பதினைந்து பற்கள் என்று கொள். எஞ்சின் மெதுவாகவே ஓடுகிறது. அச்சக்கரம் நிமிடத்துக்கு 120 முறை சுற்றுகிறது என்று கொள். ஒரு நிமிடத்தில் எத்தனை கண்ணிகள் கடந்து செல்லும்?”

“1,800 கண்ணிகள்.”

“இச்சங்கிலியில் ஒரு கண்ணியின் நீளம் அரையே அரைக்கால் அங்குலம். மில்லிமீட்டரில் 15.875. இனி, ஒரு வினாடிக்குச் சங்கிலி எவ்வளவு தூரம் ஓடும்?”

மகன் பெருக்கினான், அறுபதால் வகுத்தான். “ஏறத்தாழ 48 சென்டிமீட்டர், அப்பா.”

“துணியின் நூல் ஒன்று பல்லில் சிக்குகிறது. அதைக் கை உணர்ந்து, மூளை அறிந்து, விரலைப் பின்னுக்கு இழுக்க ஐந்தில் ஒரு பங்கு வினாடியேனும் ஆகும். அதற்குள் சங்கிலி எவ்வளவு ஓடியிருக்கும்?”

“ஒன்பதரை சென்டிமீட்டர்.”

“உன் நடுவிரலை அளந்து பார்.”

மகன் அளவுகோலை எடுத்துவந்து அளந்தான். எட்டு சென்டிமீட்டர்கூட நிரம்பவில்லை. அவன் நிமிர்ந்தபோது தந்தை தம் இடக்கையை விரித்துக் காட்டினார். ஆள்காட்டி விரலில் நுனிக் கணு இல்லை. அக்கையை அவன் பிறந்தது முதல் கண்டு வருகிறான். அஃது அவ்வாறு இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு என்று அவன் ஒருநாளும் எண்ணியதில்லை.

“இருபத்து மூன்றாம் வயதில்” என்றார் தந்தை. “நானும் அரை மணியை மிச்சப்படுத்தவே எண்ணினேன்.”

கிளட்சைப் பிடித்தால் சக்கரம் நின்றுவிடும் என்று கருதுவோர் உளர். அது தவறு. சுழலத் தொடங்கிய சக்கரம் தன் கனத்தாலேயே மேலும் சில சுற்றுச் சுழலும். அன்றியும் ஒரு கை சங்கிலிக்குள் அகப்பட்டவர் மற்றொரு கையால் கிளட்சைத் தேடுவது எங்ஙனம்?

இவ்விடத்து ஒன்று நோக்கத்தக்கது. சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும் வண்டியில் இத்தகைய முறையை எவரும் கையாள இயலாது, வண்டி ஓடிவிடும். சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் தாங்கி உடையவர்க்கே இவ்வாசை எழும். நல்ல தாங்கியை வாங்குவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. வண்டியைத் தாங்கியில் ஏற்றியவுடன் சாவியைக் கழற்றுதலும் அவ்வேலையின் ஒரு பகுதியே. மேற்கூறிய வீட்டில் சங்கிலி துடைக்கும் நேரமெல்லாம் சாவி துடைப்பவரிடம் இராது. உடன் நிற்பவர் சட்டைப்பையில் இருக்கும்.

இனித் தாங்கிகளின் வகையைக் காண்போர்க்கு முதலில் தோன்றுவது பக்கத்தாங்கி. எல்லா வண்டிகளிலும் இடப்புறம் உள்ள ஒற்றைக் கால் அது. வண்டி அதன்மேல் இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். இரு சக்கரங்களும் தரையிலேயே இருக்கும். இதனைக் கொண்டும் சங்கிலியைத் துடைக்கலாம். கைக்கு எட்டும் பகுதியைத் துடைத்தபின் வண்டியை நிமிர்த்தி ஓர் அடி முன்னே தள்ளி, மீண்டும் சாய்த்து நிறுத்தி, அடுத்த பகுதியைத் துடைக்க வேண்டும். நேரம் மிகுதியும் ஆகும், முதுகும் நோகும், ஆயினும் இதில் பேரிடர் இல்லை. பேரிடர் விளைவது, பக்கத்தாங்கியில் சாய்ந்திருக்கும் வண்டிக்கு வலப்புறம் செங்கல்லையோ மரக்கட்டையையோ முட்டுக் கொடுத்துப் பின்சக்கரத்தைத் தூக்கும்போதுதான். வண்டியின் எடை மூன்று புள்ளிகளில் நிற்கிறது. அவற்றுள் ஒன்று உடையக்கூடிய செங்கல். முற்றத்தில் தவழும் குழந்தை உள்ள வீட்டில் இதனைச் செய்பவரை அறிவுடையார் என்று எவரும் கூறார்.

நடுத்தாங்கி இதனினும் மிகச் சிறந்தது. வண்டியின் வயிற்றுக்குக் கீழே இரண்டு கால்களை உடையது இது. இதன்மேல் ஏற்றியதும் வண்டி நிமிர்ந்து நிற்கும்; பின்சக்கரம் தரையை விட்டு எழும். புல்லட், ஸ்பிளெண்டர் முதலிய வண்டிகளில் இது வண்டியுடனேயே அமைந்துள்ளது. அத்தகைய வண்டி உடையோர் சங்கிலிக்கெனத் தனித் தாங்கி வாங்கிக் காசை வீணாக்க வேண்டுவதில்லை. ஏற்றும் முறையை மட்டும் நன்கு பயிலல் வேண்டும். கையின் வலிமையால் வண்டியைத் தூக்க முயல்வோர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவர். ஏறத்தாழ 195 கிலோ எடையுள்ள கிளாசிக் 350 வண்டியைக் கையால் தூக்க வல்லவர் யார்? வண்டியின் இடப்புறம் நின்று, இடக்கையால் கைப்பிடியையும் வலக்கையால் இருக்கைக்கு அருகிலுள்ள பிடியையும் பற்றிக்கொள்க. தாங்கியின் மிதியை வலக்காலால் அழுத்தி, அதன் இரு கால்களும் தரையில் ஒருங்கே படுமாறு செய்க. பின்பு உடலின் எடை முழுவதையும் மிதியின்மேல் வைக்க, வண்டி தானே பின்னோக்கிச் சென்று மேலே ஏறும். கை வழிகாட்ட, கால் வேலை செய்கிறது. நெம்புகோலின் தத்துவம் இதுவே.

நடுத்தாங்கிக்கும் ஒரு குறை உண்டு. அதன் கால்கள் பின்னோக்கித் தள்ளும் விசையைத் தாங்கும். முன்னோக்கித் தள்ளினால் மடங்கிக்கொள்ளும். வண்டியை இறக்குவதற்கு அவ்வாறு அமைத்துள்ளனர். பின்சக்கரத்து அச்சின் இறுகிய மரையைத் தாங்கியின்மேல் வைத்தே பெரும் ஸ்பானரால் இழுத்துத் தளர்த்த முயல்பவர், தம்மையறியாமல் வண்டியை முன்னே உந்திவிடக்கூடும். வண்டி தாங்கியை விட்டுக் குதித்துச் சாயும். ஆதலின் அம்மரையைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்துக. அன்றியும் முன் பிரேக்கின் பிடியை ஒரு ரப்பர்ப் பட்டையால் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவிடின் முன்சக்கரம் உருளாது. பழைய சைக்கிள் டியூபிலிருந்து அறுத்தெடுத்த வளையமே இதற்குப் போதும்.

மேற்கூறிய வீட்டில் இரண்டு திங்களுக்குப் பின் ஒரு புது வண்டி வந்தது. மூத்த மகன் வேலைக்குச் சேர்ந்து வாங்கிய வண்டி அது. அதற்கு நடுத்தாங்கி இல்லை. யமஹா ஆர் 15, கேடிஎம் டியூக் 390 முதலிய வண்டிகளும் இத்தகையனவே. எடையைக் குறைத்தற்பொருட்டும், வளைவில் சாய்ந்து செல்லும்போது தரையில் தட்டாதிருத்தற்பொருட்டும் அவற்றில் நடுத்தாங்கியை விலக்கிப் பக்கத்தாங்கி மட்டுமே வைத்துள்ளனர். அத்தகைய வண்டிக்குத் தனியே வாங்கும் தாங்கியைப் பேடாக் ஸ்டாண்டு என்பர். இரும்புக் குழாயால் ஆகிய நீண்ட பிடியும், இரு சிறு உருளைகளும், மேல்நோக்கிய இரு கைகளும் உடையது அது. வண்டியின் பின்னே வைத்துப் பிடியை அழுத்தினால் பின்சக்கரம் எழும்.

தந்தையும் மக்கள் இருவரும் தஞ்சாவூர்க் கடைத்தெருவுக்குச் சென்றனர். கடைக்காரர் இரண்டு தாங்கிகளை எடுத்து வைத்தார். ஒன்றன் கைகளின் நுனியில் ரப்பர் பொதிந்த இரும்புத் தகடுகள் இருந்தன. மற்றொன்றன் நுனியில் கவைபோன்ற பிளவுகள் இருந்தன. முன்னது விலை குறைவு. மூத்தவன் அதனையே எடுக்கக் கை நீட்டினான்.

தந்தை தடுத்து, வண்டியின் பின்புறத்தைக் காட்டினார். பின்சக்கரத்தை இருபுறமும் பற்றிச் செல்லும் இரும்புக் கைகளை ஸ்விங் ஆர்ம் என்பர். ரப்பர்த் தகடு அக்கைகளின் அடியில் முட்டி நிற்பது, எதையும் பற்றிக்கொள்வதன்று. வண்டி சிறிது அசைந்தால் வழுக்கும். சில வண்டிகளில் அத்தகடு சங்கிலியை இறுக்கும் திருகின்மேலோ, பிரேக் குழாயின்மேலோ போய் அமரும். ஸ்விங் ஆர்மில் மரையிட்ட துளைகள் உள்ள வண்டிக்குக் கவையுள்ள தாங்கியே தக்கது. அத்துளைகளில் பாபின் என்னும் சிறு உருளைகளைத் திருகிவிட்டால், தாங்கியின் கவை அவற்றைப் பற்றிக்கொள்ளும். பக்கவாட்டில் நழுவ இடமில்லை. துளையின் அளவு வண்டிக்கு வண்டி வேறுபடும். 6, 8, 10 மில்லிமீட்டர் என மூவகை மரைகள் வழக்கில் உள்ளன. அளவு அறியாமல் பாபின் வாங்கி வலிந்து திருகினால் மரை கெடும். பிறகு ஸ்விங் ஆர்மையே மாற்ற நேரிடினும் வியப்பில்லை. துளையே இல்லாத வண்டிக்கு ரப்பர்த் தகட்டுத் தாங்கிதான் வழி. அப்போதும் தகடு பொருந்துகிற இடத்தைக் கடையிலேயே வைத்துப் பார்த்து வாங்குதல் வேண்டும்.

பின்பு தந்தை தாங்கியின் அடியை ஆராய்ந்தார். அடி அகன்றதாக இருப்பின் சாயாது; குறுகியதாக இருப்பின் சிறு தள்ளுதலுக்கும் சாயும். குழாய்கள் ஒட்டப்பட்ட இடங்களில் வெடிப்போ இடைவெளியோ உண்டா என விரலால் தடவிப் பார்த்தார். தாங்கும் எடை எவ்வளவு எனப் பொறித்திருப்பதைப் படித்தார். பிடியின் நீளத்தைக் கண்டதும் இளையவனுக்குப் பள்ளியில் படித்த நெம்புகோல் நினைவுக்கு வந்தது. “வண்டி 140 கிலோ, அதில் பாதி பின்சக்கரத்தின்மேல் என்றால் 70 கிலோ. பிடியின் நீளம் குறுங்கையைப்போல் ஐந்து மடங்கு இருந்தால் 14 கிலோ அழுத்தம் போதும்” என்றான். கடைக்காரர் நகைத்து, “தம்பி, நீயே கடை வைக்கலாம்” என்றார்.

கார்களைத் தூக்கும் கத்தரி ஜாக்கியையும் சிலர் இதற்குப் பயன்படுத்துவர். வண்டியின் அடியில் தட்டையான சட்டம் இருந்தால் அது பயன்படும். எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி முன்னே துருத்திக்கொண்டிருந்தால் அதனை நெரித்துவிடும். சக்கரத்தை அடியில் வைத்துச் சுழற்றும் சிறு உருளைப் பலகையும் கடைகளில் கிடைக்கிறது. வண்டி அதன்மேல் பக்கத்தாங்கியின் துணையால் நிற்றலின், கனமற்ற வண்டிக்கு மட்டுமே அது பொருந்தும்.

தாங்கி நல்லதாயினும் தரை தீயதாயின் பயனில்லை. பேடாக் ஸ்டாண்டின் கால்கள் மண் தரையில் புதையும். ஒரு கால் மட்டும் புதைந்தால் வண்டி அப்பக்கம் சாயும். சிமெண்டுத் தரையோ கல் பாவிய முற்றமோ வேண்டும். இல்லையேல் கனமான பலகை ஒன்றை இருகாலுக்கும் அடியில் ஒருசேர இடுக. வாசலின் சரிவில் வண்டியை ஒருபோதும் தூக்கலாகாது. மழைநீர் வடிய வீடுதோறும் வாசலைச் சரித்தே கட்டுவர். கண்ணுக்கு அச்சரிவு தெரியாது. ஒரு செம்பு நீரைக் கொட்டிப் பார்த்தால் அது ஓடும் திசையில் தெரிந்துவிடும். பழைய செய்தித்தாளைப் பரப்பிக்கொள்ளுதலும் நன்று. கோலமிடும் தரையில் எண்ணெய்க் கறை படிந்தால் அவ்வீட்டில் அன்று அமைதி இராது.

உடையிலும் கருத்து வேண்டும். வேட்டி, துண்டு, தாவணி, சேலைத் தலைப்பு ஆகியன சுழலும் சக்கரத்தில் எளிதில் சிக்கும். பின்னால் அமர்வோர் சேலை சிக்காதபடி சக்கரத்துக்குக் காப்பு அமைத்தல் வேண்டும் என்று சட்டமே விதித்துள்ளது. ஓடும் வண்டிக்கு அவ்வளவு காப்பு வேண்டுமெனில், சக்கரத்தின் அருகே குந்தியிருப்பவர் எத்துணை விழிப்பாக இருத்தல் வேண்டும்! பெட்ரோலால் சங்கிலியைக் கழுவுதலும் கூடாது. அது எளிதில் தீப்பற்றும். சங்கிலியின் கண்ணிகளுக்கிடையே எண்ணெயைக் காக்கும் ரப்பர் வளையங்களையும் கெடுக்கும். மண்ணெண்ணெயும் மெல்லிய தூரிகையும் போதும். அடுப்புக்கும் அதற்கும் இடையே தூரம் இருக்கட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுத் தாங்கியின்மேல் புது வண்டி ஏறியது. கியர் நியூட்ரலில் இருந்தது. முன் பிரேக் கட்டப்பட்டிருந்தது. மூத்தவன் வண்டியை நேராக நிமிர்த்திப் பிடித்தான். தந்தை தாங்கியின் கவைகளைப் பாபின்களுக்கு அடியில் பொருத்தி, இரண்டும் பற்றின என்று கண்டபின் பிடியை மெல்ல அழுத்தினார். பிடி தரைவரை சென்று ஊன்றியது. மூத்தவன் உடனே கையை எடுக்கவில்லை. வண்டியை இருபுறமும் சிறிது அசைத்துப் பார்த்து, அசையாமை கண்டபின் விட்டான்.

இளையவன் சக்கரத்தை முன்னோக்கி உருட்டப் போனான். “பின்னோக்கி உருட்டு” என்றார் தந்தை. முன்னோக்கி உருட்டினால் கீழ்ச்சங்கிலி பின் பற்சக்கரத்துக்குள் நுழையும்; துணியும் விரலும் அதனோடு நுழையும். பின்னோக்கி உருட்டினால் கீழ்ச்சங்கிலி அப்பல்லிலிருந்து வெளியேறி முன்னே செல்லும். அங்கே தூரிகையை வைப்பவர் கை பல்லை விட்டு விலகியே போகும். முன் பற்சக்கரத்தின் அருகே மட்டும் கையைக் கொண்டுசெல்லலாகாது. துணியை விரலில் சுற்றிக்கொள்ளுதல் எத்திசைக்கும் ஆகாது. ஒருவர் உருட்ட, மற்றொருவர் துடைத்தலும் தீது. உருட்டுபவர்க்குத் துடைப்பவர் விரல் இருக்குமிடம் தெரியாது. ஒருவரே ஒரு கையால் உருட்டி நிறுத்தி, பின்பே துடைத்தல் முறை.

துடைத்து எண்ணெயிட்ட பின் சங்கிலியின் தொய்வை அளந்தனர். இரு பற்சக்கரங்களுக்கும் நடுவே கீழ்ச்சங்கிலியை விரலால் மேலும் கீழும் தள்ளினால் அது எவ்வளவு நகர்கிறது என்பதே தொய்வு. பல வண்டிகளில் அது 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருக்கலாம் என்பர். உரிய அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். இங்கும் தாங்கிக்கு ஒரு பங்கு உண்டு. நடுத்தாங்கியில் ஏற்றிய வண்டியில் ஸ்விங் ஆர்ம் கீழே தொங்குகிறது. பேடாக் ஸ்டாண்டில் அதே ஸ்விங் ஆர்ம் வண்டியின் எடையைத் தாங்கி மேலே எழுந்து நிற்கிறது. ஸ்விங் ஆர்ம் ஏறி இறங்கச் சங்கிலியின் தொய்வும் மாறும். ஆகவே ஒரே சங்கிலி ஒரு தாங்கியில் ஓர் அளவும், மற்றொரு தாங்கியில் வேறோர் அளவும் காட்டும். எத்தாங்கியில் நிறுத்தி அளக்க வேண்டும் என்று கையேடு கூறுகிறதோ அதில் நிறுத்தியே அளக்க வேண்டும். அதனை நோக்காமல் நடுத்தாங்கியில் தொய்வு மிகுதி என்று இறுக்கிவிட்டால், இருவர் ஏறி அமர்ந்ததும் சங்கிலி வில்லின் நாண்போல் விறைக்கும். பற்சக்கரமும் அச்சும் விரைவில் கெடும்.

இளையவன் சக்கரத்தைச் சிறிது சிறிதாக உருட்டி நான்கு இடங்களில் அளந்தான். மூன்று இடங்களில் 25 மில்லிமீட்டர், ஓரிடத்தில் 22. சங்கிலி எவ்விடத்தும் ஒரே சீராகத் தேய்வதில்லை என்று தந்தை கூறி, மிக இறுகிய அவ்விடத்தையே அளவாகக் கொள்ளச் செய்தார். கையேட்டில் கண்ட எல்லைக்குள் அது இருந்தமையால் திருகைத் தொட வேண்டியிருக்கவில்லை.

மூத்தவன் கைப்பிடியைப் பற்றினான். தந்தை தாங்கியின் பிடியை மெல்ல உயர்த்தினார். பின்சக்கரம் தரையைத் தொட்டது. பக்கத்தாங்கியை இறக்கி வண்டியைச் சாய்த்து நிறுத்தியபின், முன் பிரேக்கில் கட்டியிருந்த டியூப் வளையத்தை அவிழ்த்தனர். இளையவன் கையைத் துடைத்துக்கொண்டு, தன் சட்டைப்பையிலிருந்த சாவியை எடுத்து அண்ணனிடம் கொடுத்தான்.